பதுவா அந்தோணியார்: மேடையும் கல்லறையும்

1231 மார்ச் மாதம் வட இத்தாலியிலுள்ள பதுவா நகர ஆட்சி தன் சட்டத் தொகுப்பில் ஒரு விதியைச் சேர்த்தது. கடன்பட்டவரோ அவருக்காகப் பிணை நின்றவரோ, தம் உடைமைகளைக் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைக்கச் சம்மதித்துவிட்டால் அவரைப் பிடித்துச் சிறையில் அடைக்கக் கூடாது என்பது அந்த விதி. யாருடைய வேண்டுகோளின்பேரில் அது இயற்றப்பட்டது என்பதும் அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது: பிரான்சிஸ்கன் சபைத் துறவி அந்தோணி. அடுத்த மூன்று மாதங்களில் அவர் இறந்துபோனார். ஓராண்டு நிறைவதற்குள் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது.

அந்தோணியாரிடம் வேண்டிக்கொள்ளும் கோடிக்கணக்கானோரில் இந்தச் சட்டத்தைக் கேள்விப்பட்டவர்கள் மிகச் சிலரே. தொலைந்த சாவி, நழுவிப்போன வேலை, தள்ளிப்போகும் கல்யாணம், பிள்ளை வரம், பேய் பிடித்தவருக்கு விடுதலை என்று அவரிடம் கேட்கப்படுபவை வேறு. தமிழ்க் கத்தோலிக்கர் அவரைக் கோடி அற்புதர் என்றே அழைக்கிறார்கள். இன்னொரு பக்கம், திருச்சபையின் ஏடுகளில் அவர் மறைவல்லுநர். அகுஸ்தினார், அக்குவினாஸ் தோமா ஆகியோரோடு ஒரே வரிசையில் வைக்கப்பட்ட இறையியல் அறிஞர். ஒரே மனிதருக்கு இந்த இரண்டு முகங்களும் எப்படி வந்தன? அறிஞரை மக்கள் அற்புதராக்கிவிட்டார்கள் என்பது படித்தவர்கள் வழக்கமாகச் சொல்லும் விடை. எனக்கு அது போதவில்லை. கல்லறையைத் தேடி வந்தவர்கள் அவருடைய வரலாற்றை முதல் நாளிலிருந்தே எழுதத் தொடங்கிவிட்டார்கள். அறிஞர்கள்தான் தாமதமாக வந்து சேர்ந்தவர்கள்.

அவர் பதுவாக்காரரே அல்ல. போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் பிறந்தவர். மரபு சொல்லும் பிறந்த ஆண்டு 1195, பெற்றோர் இட்ட பெயர் பெர்னாந்து. வசதியான குடும்பம். இளம் வயதிலேயே லிஸ்பன் மதிலுக்கு வெளியே இருந்த அகுஸ்தினார் சபை மடத்தில் சேர்ந்தார். உறவினரும் நண்பர்களும் ஓயாமல் பார்க்க வந்து தொல்லை தந்ததால், அன்றைய தலைநகரான கொயிம்ப்ராவில் இருந்த திருச்சிலுவை மடத்துக்கு மாற்றம் கேட்டுப் போனார். போர்ச்சுகலில் அதைவிடச் சிறந்த நூலகமோ கல்வியோ அப்போது வேறெங்கும் இல்லை. பிற்காலத்தில் அவர் விவிலியத்தை மனப்பாடமாக அள்ளி வீசியதற்கு அடித்தளம் அங்கே அமைதியாகப் படித்த ஆண்டுகள்தாம்.

அந்த அமைதியைக் கலைத்தது ஒரு சவ ஊர்வலம். 1220 ஜனவரி 16 அன்று மொரோக்கோவில் மறையுரை ஆற்றப் போன ஐந்து பிரான்சிஸ்கன் துறவிகள் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய உடல்கள் கொயிம்ப்ராவுக்கு, பெர்னாந்து வாழ்ந்த அதே மடத்துக்குக் கொண்டுவரப்பட்டன. பிரான்சிஸ்கன் சபை அப்போது தொடங்கி பத்து ஆண்டுகளே ஆகியிருந்தது. பிச்சை எடுத்து வாழும், படிப்புக்கு முதலிடம் தராத புதுக் கூட்டம் அது. நூலகம் நிறைந்த மடத்தைவிட்டு அவர் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தார். ஊருக்கு வெளியே ஒலிவ மரங்களுக்கிடையே அவர்களுக்கு இருந்த சிறு மடம் எகிப்தியப் பாலைவனத் துறவியான அந்தோணியாரின் பெயரில் இருந்தது. பெர்னாந்து அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார். நம் ஊர்களில் வனத்து அந்தோணியார் என்று தனியாக வணங்கப்படுபவர் இந்த எகிப்தியர். இருவருக்கும் நடுவே ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் இடைவெளி.

மொரோக்கோ போய்த் தானும் இரத்தம் சிந்த வேண்டும் என்பதே அவர் ஆசை. போனார். போன இடத்தில் நோயில் விழுந்து ஒரு குளிர்காலம் முழுவதும் படுத்துக் கிடந்தார். ஊர் திரும்பக் கப்பலேறினால் காற்று அதை சிசிலிக் கரைக்குத் தள்ளியது. 1221இல் அசிசியில் கூடிய சபைப் பேரவைக்கு மற்றவர்களோடு நடந்து போய்ச் சேர்ந்தார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. கூட்டம் முடிந்து ஒவ்வொரு தலைவரும் தம் ஆட்களை அழைத்துப் போனபோது இவரை யாரும் அழைக்கவில்லை. ரோமாஞா மாநிலத் தலைவரிடம் தானே போய்க் கேட்டுக்கொண்டு, மோந்தே பாவொலோ என்ற மலைத் தவமடத்தில் ஒதுங்கினார். 1222இல் போர்லி நகரில் குருப்பட்டத்துக்காகத் துறவிகள் கூடியபோது உரையாற்ற ஆள் இல்லாமல் போனது. வந்திருந்த தொமினிக்கன் சபையார், ஆயத்தமில்லாமல் பேச இயலாது என்று மறுத்துவிட்டார்கள். தலைவர் அந்தோணியை எழுப்பிவிட்டார். விவிலியம் விளக்குவதைவிடச் சமையலறைப் பாத்திரம் கழுவத்தான் இவர் பொருத்தம் என்று சகோதரர்கள் நினைத்திருந்ததாக முதல் வரலாற்று நூல் எழுதுகிறது. அன்று பேசியது என்ன என்று அது சொல்லவில்லை. கேட்டவர்கள் வாயடைத்துப் போனதை மட்டும் சொல்கிறது.

இது கவனிக்க வேண்டிய ஒன்று. அந்தோணியாரின் பேச்சைப் பற்றி நமக்கு வந்து சேர்ந்த செய்திகள் எல்லாமே கேட்டவர்களின் முகங்களைப் பற்றியவை. பேச்சு வரவில்லை.

அதன்பின் வந்த ஏழெட்டு ஆண்டுகளை அவர் நடந்தே கழித்தார். கத்தாரிகள் போன்ற பதிதக் குழுக்கள் வேரூன்றியிருந்த ரிமினியிலும் தென் பிரான்சிலும் மறையுரை ஆற்றினார். மொன்பெல்லியே, துலூஸ், லிமோஜ் ஆகிய ஊர்கள் அவர் பெயரோடு சேர்ந்து வருகின்றன. பொலோஞாவில் சகோதரர்களுக்கு இறையியல் கற்பித்தார். அதற்குச் சபையை நிறுவிய அசிசி பிரான்சிஸ் அனுப்பிய அனுமதிக் கடிதம் சில வரிகளே கொண்டது. படிப்பு, செபத்தின் உணர்வை அணைத்துவிடாமல் இருக்குமானால் கற்பிக்கலாம் என்பதே அதன் சாரம். கடிதத்தில் அவரை 'என் ஆயர்' என்று பிரான்சிஸ் விளிக்கிறார். மரியாதையும் கொஞ்சம் எச்சரிக்கையும் கலந்த விளிப்பாக எனக்குத் தோன்றுகிறது. படிப்பு வறுமையைத் தின்றுவிடும் என்ற பயம் பிரான்சிஸுக்குக் கடைசிவரை இருந்தது. பிற்காலத்தில் பாரிசிலும் ஆக்ஸ்போர்டிலும் பிரான்சிஸ்கன் அறிஞர்கள் நிறைந்து வழிந்ததைப் பார்க்கும்போது, அந்தக் கடிதம் அந்தோணியைவிடச் சபையின் தலைவிதியையே அதிகம் மாற்றியது எனலாம். பிரான்சிஸ் இறந்தபின் 1230இல் அவருடைய கடைசி உயிலுக்குச் சட்ட வலு உண்டா என்ற பிணக்கு எழுந்தது. அதைத் தீர்க்கத் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரியிடம் சென்ற குழுவிலும் அந்தோணி இருந்தார். உயில் சபையைக் கட்டுப்படுத்தாது என்று திருத்தந்தை தீர்ப்பளித்தார். வறுமையைத் தளர்த்தியவர்களில் ஒருவர் என்று அந்தோணியார்மேல் ஒரு சாரார் பழி சொல்வதுண்டு. குழுவில் அவர் எந்தப் பக்கம் பேசினார் என்பதற்கு ஆவணம் இல்லாதபோது அந்தப் பழி நிற்காது.

1231ஆம் ஆண்டுத் தவக்காலத்துக்கு வருவோம். பதுவாவில் நாற்பது நாளும் தினமும் மறையுரை. கோயில்கள் கொள்ளாமல் வெளியே புல்வெளிக்குப் போனார்கள். முப்பதாயிரம் பேர் கூடியதாக முதல் வரலாற்று நூல் எழுதுகிறது. இந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் அதே நூல் தரும் சின்னச் சின்ன விவரங்கள் நம்பத்தக்கவை. இரவிலேயே விளக்குப் பிடித்துக்கொண்டு வந்து இடம்பிடித்தவர்கள், கடையடைத்துவிட்டு வந்த வணிகர்கள், பாவசங்கீர்த்தனம் கேட்கப் போதாமல் போன குருக்கள். அங்கியை வெட்டி எடுத்துக்கொள்ளக் கத்தரிக்கோலோடு பெண்கள் வந்ததால் அவரைச் சுற்றிக் காவலுக்கு இளைஞர்கள் நிற்க வேண்டியிருந்தது. உயிரோடு இருக்கும்போதே அவர் உடுத்த துணி புனிதப் பொருளாகிவிட்டது.

பதுவா அப்போது எப்படிப்பட்ட ஊர் என்று தெரிந்தால்தான் அந்தக் கூட்டத்தின் பொருள் புரியும். 1222இல் அங்கே பல்கலைக்கழகம் தோன்றியிருந்தது. சட்டம் படித்தவர்கள் பெருகிக்கொண்டிருந்தார்கள். வாணிபம் வளர வளர வட்டிக் கடையும் வளர்ந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பதுவாவின் ஸ்க்ரொவேஞி குடும்பம் வட்டித் தொழிலால் எவ்வளவு பேர் வாங்கியதென்றால், தாந்தே தன் நரகத்தில் அந்தக் குடும்பத்து ஆளுக்கு இடம் ஒதுக்கினார். அந்த ஆளின் மகன் கட்டி, ஜியோத்தோவைக் கொண்டு ஓவியம் தீட்டிய சிற்றாலயத்தைத்தான் இன்று உலகம் முழுவதிலுமிருந்து வந்து பார்க்கிறார்கள். தவக்கால மறையுரைகளின் விளைவு என்று முதல் வரலாற்று நூல் அடுக்குவதில் பகை தீர்ந்தது, கைதிகள் விடுதலையானது ஆகியவற்றோடு, வாங்கிய வட்டி திருப்பித் தரப்பட்டதும் அடக்கம்.

இந்தப் பின்னணியில் கடன் சட்டத்தை எடைபோட வேண்டும். அதை அந்தோணியார் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. சொத்தை விட்டுக்கொடுத்துச் சிறையிலிருந்து தப்பும் வழி பழைய ரோமானியச் சட்டத்திலேயே உண்டு. பதுவாவின் சட்டப் பேராசிரியர்களுக்கு அது நன்றாகவே தெரிந்திருக்கும். ஆகவே சட்ட அறிவு இவருடையதல்ல என்று சொல்லி அவருடைய பங்கைக் குறைத்துப் பேசும் வாதம் ஒன்று உண்டு. நான் இதை எதிர்ப்பக்கமிருந்து பார்க்கிறேன். வழி தெரிந்தவர்கள் ஊர் நிறைய இருந்தும் ஏழைக் கடனாளி சிறையில்தான் கிடந்தான். ஊர்ச் சட்டத்தில் அந்த வரி ஏற, வீதியில் பெருங்கூட்டத்தைத் திரட்டக்கூடிய ஒருவர் கேட்க வேண்டியிருந்தது. அதே நேரத்தில் அந்த விதி காப்பாற்றியது கடனாளியின் உடலைத்தான், வீட்டையும் நிலத்தையும் அல்ல. அதை மறந்துவிட்டு அவரைச் சமூகப் புரட்சியாளராக நிறுத்தும் அண்மைக்கால எழுத்துகள் கொஞ்சம் மிகையாகவே போகின்றன.

அவருடைய அரசியல் முயற்சி ஒன்று அப்பட்டமாகத் தோற்றும் போனது. கொடுங்கோலன் என்று பேரெடுத்த எட்சேலீனோ தா ரொமானோவின் தரப்பு வெரோனாவில் சிறைப்பிடித்து வைத்திருந்த ஒரு பிரபுவை விடுவிக்கக் கேட்டு அந்தோணியார் அங்கே போனார். வெறுங்கையோடு திரும்பினார். பதுவாவின் வரலாற்றாசிரியர் ரோலந்தீனோ இதை ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறார். பிற்காலப் பக்திக் கதைகளிலோ அதே எட்சேலீனோ அந்தோணியாரின் காலில் விழுந்து நடுங்குகிறான். தோல்வி எப்படி வெற்றியாகத் தைக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

அந்த வசந்தத்தில் அவர் உடம்பு ஓய்ந்துவிட்டது. நீர்க்கோவை நோய். பதுவாவுக்கு வடக்கே காம்போசம்பியெரோவில் ஒரு பிரபு தன் தோட்டத்து அக்ரூட் மரத்தின் கிளைகளுக்கிடையே கட்டித் தந்த சிறு குடிலில் தங்கினார். ஜூன் 13 வெள்ளிக்கிழமை நிலைமை மோசமானது. பதுவாவுக்கு மாட்டுவண்டியில் கொண்டுவரும் வழியில், நகருக்கு வெளியே அர்செல்லா என்ற இடத்துத் துறவியர் மடத்தில் உயிர் பிரிந்தது. கூட்டம் திரண்டுவிடுமே என்று சகோதரர்கள் செய்தியை மறைத்தார்கள். ஆனால் புனிதர் இறந்துவிட்டார் என்று குழந்தைகள் தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு ஓடினார்கள். பிறகு நடந்தது கிட்டத்தட்ட ஓர் உள்ளூர்ப் போர். உடல் எங்களுக்கே என்று அந்தப் பகுதி மக்கள் ஆயுதத்தோடு மடத்தைச் சூழ்ந்தார்கள். நகரத்தார் மறுபுறம். ஆயரும் நகர ஆட்சியும் தலையிட்டு, ஜூன் 17 செவ்வாயன்று நகருக்குள் இருந்த மாதா கோயிலில் அடக்கம் செய்தார்கள். செவ்வாய்க்கிழமை அவருடைய நாளானது அந்த அடக்கத்தினால்தான்.

அன்றே நோயாளிகள் கல்லறைக்கு வரத் தொடங்கினார்கள். புனிதர் பட்ட விசாரணையில் தொகுக்கப்பட்டு வாசிக்கப்பட்ட அற்புதங்கள் 53. அவற்றில் பெரும்பாலானவை அவர் இறந்தபின் நடந்தவை. முடங்கிய கால், பார்வையற்ற கண், கேளாத காது என்று பட்டியல் போகிறது. மருத்துவத்துக்குக் காசில்லாத கூட்டத்தின் பட்டியல் அது. அவசரம் வேண்டாம் என்று ஒரு கர்தினால் தயங்கினாராம், பிறகு கனவு கண்டு மனம் மாறினாராம். 1232 மே 30 அன்று ஸ்பொலேத்தோவில் ஒன்பதாம் கிரகோரி அவரைப் புனிதராக அறிவித்தார். பிரான்சிஸுக்கே இரண்டாண்டுக்குச் சற்றுக் குறைவாக ஆனது. இந்த வேகத்தை மிஞ்சியவர் பின்னாளில் கொலையுண்ட வெரோனா பேதுரு ஒருவர்தாம்.

ஆய்வாளர்களின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அவர் இறந்த மறு ஆண்டு எழுதப்பட்ட முதல் வரலாற்று நூலின் ஆசிரியர் பெயர் தெரியாத ஒரு பிரான்சிஸ்கன். அது 'அசிதுவா' என்று வழங்கப்படுகிறது. இன்று அந்தோணியார் என்றதும் நினைவுக்கு வரும் எதுவும் அதில் இல்லை. பதிதர்கள் கேட்க மறுத்ததால் கடற்கரையில் மீன்களுக்கு மறையுரை ஆற்றியது இல்லை. பசித்த கழுதை தீனியை விட்டுவிட்டு நற்கருணைக்கு முன் மண்டியிட்டது இல்லை. கையில் குழந்தை இயேசு இல்லை. இவை அடுத்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டவை. தொலைந்த பொருளின் கதையும் அப்படித்தான். அவருடைய சங்கீதப் புத்தகத்தைத் திருடிக்கொண்டு ஓடிய ஓர் இளம் துறவி பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்த கதை 14ஆம் நூற்றாண்டு நூலில் காணப்படுகிறது. ஆனால் ஒரு விவரத்தை இங்கே விட்டுவிடக் கூடாது. அவர் இறந்த சில ஆண்டுகளுக்குள் ஸ்பெயர் ஜூலியன் என்ற பிரான்சிஸ்கன் இயற்றிய வழிபாட்டுப் பாடல், தொலைந்த பொருள்கள் திரும்பக் கிடைப்பதை அவருடைய அற்புதங்களில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. கதை பிந்தியது, நம்பிக்கை முந்தியது. வேண்டுகோள் முதலில் வந்து, அதற்குக் காரணம் சொல்ல வரலாறு பின்னால் எழுதப்பட்டது என்பதே என் வாசிப்பு.

அப்படியானால் உண்மையான அந்தோணியார் அவருடைய எழுத்தில் இருக்கிறாரா? ஞாயிறுகளுக்கும் திருநாள்களுக்குமான மறையுரைகள் என்று லத்தீனில் அவர் எழுதிய பெருந்தொகுப்பு கிடைத்திருக்கிறது. 1979இல் பதுவாவில் மூன்று தொகுதிகளாக அதன் ஆய்வுப் பதிப்பு வெளிவந்தது. எதிர்பார்ப்போடு திறப்பவருக்கு ஏமாற்றமே. அன்றைய நற்செய்தி, பழைய ஏற்பாட்டு வரலாறு, திருமுகம், வருகைப் பாடல் ஆகிய நான்கையும் நான்கு குதிரை பூட்டிய தேராக ஓட்டிச் செல்வதாக அவரே முன்னுரையில் திட்டம் சொல்கிறார். சொல்லுக்குச் சொல் விளக்கம், விலங்குகளையும் கற்களையும் பற்றிய பழைய இயற்கை நூல் செய்திகள், அவற்றுக்கு ஆன்மிகப் பொருள் என்று அடுக்கடுக்காகப் போகும். இது மற்ற மறையுரையாளர்களுக்கான கையேடு. புல்வெளியில் பேசியதன் பதிவு அல்ல. வட்டிக்காரர்களையும், ஆடம்பரத்தில் திளைக்கும் ஆயர்களையும் அவர் தாக்கும் இடங்களில் மட்டும் நடை திடீரென்று சூடேறுகிறது. பதுவா மக்கள் கேட்ட குரலின் சாயல் அங்கேதான் கொஞ்சம் கிடைக்கிறது.

1263இல் அவருடைய உடலைப் புதிய பேராலயத்துக்கு மாற்றக் கல்லறையைத் திறந்தபோது, மற்றதெல்லாம் மட்கியிருக்க நாக்கு மட்டும் கெடாமல் இருந்ததாகச் சொல்கிறார்கள். அப்போதைய சபைத் தலைவர் பொனவெந்தூர் அதைக் கையில் ஏந்தினார். அது இன்றும் பேராலயத்தில் காட்சிக்கு இருக்கிறது. பேசிய உறுப்பைக் காப்பாற்றி வைத்தார்கள், பேச்சைத் தொலைத்துவிட்டார்கள்.

அந்தப் பேராலயத்தின் தலைமைப் பீடத்துக்காக 15ஆம் நூற்றாண்டின் நடுவில் தொனத்தெல்லோ செய்த வெண்கலப் புடைப்புச் சிற்பங்கள் நான்கு அற்புதங்களைக் காட்டுகின்றன. அவற்றில் ஒன்று: செத்துப்போன கருமியின் மார்பைப் பிளக்கிறார்கள், அங்கே இதயம் இல்லை, அது அவனுடைய பணப்பெட்டிக்குள் கிடக்கிறது. வட்டிக்கு எதிரான மறையுரை, வார்த்தை போனபின் வெண்கலமாக நின்றுவிட்டது. கடன் சட்டத்தின் நினைவு மக்களிடம் எந்த வடிவத்தில் எஞ்சியது என்று யாராவது கேட்டால் நான் இந்தச் சிற்பத்தைத்தான் காட்டுவேன். ஓவியர்களிடம் குழந்தை இயேசு வந்து சேர்ந்தபின் கருமியும் கடனாளியும் பின்னுக்குப் போனார்கள். செவில் பேராலயத்துக்காக 1656இல் முரீயோ வரைந்த பேரோவியம் அந்தப் புது அந்தோணியாரை உலகெங்கும் பரப்பியது. 1874இல் ஒரு திருடன் அந்த ஓவியத்திலிருந்து அந்தோணியாரை மட்டும் கத்தியால் வெட்டி எடுத்துப் போனான். சில மாதத்தில் நியூயார்க்கில் ஓவிய வியாபாரி ஒருவரிடம் விற்பனைக்கு வந்து பிடிபட்டது. தொலைந்ததைத் தேடித் தருபவர் தம்மையே தேடித் தந்துவிட்டார் என்று பக்தர்கள் சொல்லிச் சிரித்திருப்பார்கள்.

ஐரோப்பாவுக்கு வெளியே அவரைக் கொண்டுபோனது போர்ச்சுகீசியர். தங்கள் ஊர்ப் பிள்ளை, அதிலும் அவர்களோடு கப்பலேறிய பிரான்சிஸ்கன்களின் சபைக்காரர். ஆகையால் கோட்டை கட்டிய இடமெல்லாம் அந்தோணியார் போனார். 1668இல் போர்ச்சுகல் அரசு அவரை லாகுஸ் படைப்பிரிவில் சிப்பாயாகவே பதிவு செய்தது. பின்னர் கேப்டனாகப் பதவி உயர்வும் கிடைத்தது. வறுமைத் துறவிக்குப் படைச் சம்பளம்! பேரரசுகள் புனிதர்களை எப்படிப் பயன்படுத்தும் என்பதற்கு இது நல்ல நகைச்சுவை. ஆனால் அதே பேரரசுக்கு எதிராகவும் அவர் பெயர் எடுக்கப்பட்டது. 1654 ஜூன் 13 அன்று பிரேசிலின் மரன்ஹாவோவில் இயேசு சபைக் குரு அந்தோனியோ வியெய்ரா, மனிதர்கள் கேட்பதில்லை என்பதால் தாமும் அந்தோணியாரைப் போல மீன்களிடம் பேசப் போவதாகச் சொல்லி மேடையேறினார். பெரிய மீன் சிறிய மீனைத் தின்னும் கதையாகப் பூர்வகுடிகளை அடிமைப்படுத்தும் குடியேறிகளைக் கிழித்தெடுத்தார். பேசி முடித்த சில நாளில் அரசரிடம் முறையிட லிஸ்பனுக்கு யாருக்கும் சொல்லாமல் கப்பலேறினார். போர்ச்சுகீசிய உரைநடையின் உச்சங்களில் ஒன்றாக அந்த உரை இன்றும் கற்பிக்கப்படுகிறது.

காங்கோவில் நடந்தது இன்னும் வியப்பானது. உள்நாட்டுப் போரால் சிதறிக் கிடந்த அந்தக் கிறிஸ்தவ அரசில், 1704இல் கிம்பா வீட்டா என்ற இருபது வயதுப் பெண் நோயில் செத்துப் பிழைத்ததாகவும், அந்தோணியார் தன் உடலில் புகுந்துவிட்டதாகவும் அறிவித்தாள். இயேசு பிறந்தது காங்கோவின் தலைநகரில் என்று போதித்தாள். பாழடைந்து கிடந்த தலைநகருக்கு ஆயிரக்கணக்கான மக்களை மீண்டும் குடியேற அழைத்துப் போனாள். 1706இல் அவளைப் பதிதை என்று உயிரோடு எரித்தார்கள். அவளைப் பின்பற்றியவர்களில் பலர் அடிமைகளாக அமெரிக்கக் கண்டத்துக்கு விற்கப்பட்டார்கள். காங்கோக்காரர்கள் செய்த சிறு பித்தளை, தந்த அந்தோணியார் உருவங்கள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பதிதர்களின் பகைவர் என்று புகழ்பெற்ற ஒருவரின் பெயரால் ஒரு பெண் பதிதையாக எரிந்திருக்கிறாள். அந்தோணியாரின் செல்வாக்கைப் பற்றி எழுதும் பக்தி நூல்களில் அவளுக்கு ஒரு பக்கம்கூடக் கிடைப்பதில்லை.

தமிழ்க் கரைக்கும் அவர் அதே கப்பல்களில்தான் வந்தார். முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் திருமுழுக்குப் பெற்றார்கள். ஈழத்தில் முதலில் வேரூன்றிய சபை பிரான்சிஸ்கன் சபை. வேர் பிடித்த விதம் மட்டும் முழுக்க உள்ளூர் விதம். நெல்லைக் கரையின் உவரியில் சொல்லப்படும் தலவரலாற்றில் பதுவாவும் இல்லை, மறையுரையும் இல்லை. கொள்ளைநோய் கண்ட போர்ச்சுகீசியக் கப்பல், தச்சர் செதுக்கிய மரச் சுரூபம், நோய் நீங்கியபின் அது கரையில் குடிகொண்டது என்று போகிறது கதை. கொடியேற்றம், சப்பரம், முடியெடுத்தல், அசனம் என்று 13 நாள் திருவிழா. தூத்துக்குடிப் பக்கம் புளியம்பட்டியில் மனநோய் கண்டவர்களும் பேய் பிடித்ததாக நம்பப்படுபவர்களும் நாள்கணக்கில் தங்குகிறார்கள். சாதி, சமயம் பார்க்காமல் வருகிறார்கள். தென்னிந்தியப் புனிதர் வழிபாட்டை ஆராய்ந்த சூசன் பெய்லி போன்றவர்கள், இந்தப் புனிதர்கள் கிராம தெய்வங்களின் ஆற்றல் மரபுக்குள் அமர்ந்ததை விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். இதைக் கலப்படம் என்று முகம் சுளிக்கும் குருக்களும் உண்டு. 1231 ஜூனில் பதுவாக் கல்லறையைச் சுற்றி முடவர்களும் வலிப்பு நோயாளிகளும் கிடந்த காட்சியைப் படித்தவர்களுக்குப் புளியம்பட்டி அவ்வளவு அந்நியமாகத் தெரியாது.

கொழும்பு கொச்சிக்கடை அந்தோணியார் கோயிலின் வரலாறு டச்சுக்காரர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்த காலத்தில் தொடங்குகிறது. மறைந்து வாழ்ந்த குரு ஒருவர், கடலரிப்பு நிற்கச் செபித்து மீனவரின் நம்பிக்கையைப் பெற்றார் என்பது தலமரபு. தமிழரும் சிங்களவரும், இந்துக்களும் பௌத்தரும் முஸ்லிம்களும் செவ்வாய் தவறாமல் வரும் இடம். 2019 ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறன்று குண்டு வெடித்த கோயில்களில் அதுவும் ஒன்று. ஜூன் 13 திருவிழாவுக்கு முந்தைய நாள் மீண்டும் திறந்துவிட்டார்கள்.

அறிஞர் அந்தோணியார் திருச்சபையின் முன்வரிசைக்கு வந்தது மிகத் தாமதமாகத்தான். 1946 ஜனவரி 16 அன்று பன்னிரண்டாம் பயஸ் அவரை மறைவல்லுநராக அறிவித்தார். மொரோக்கோவில் அந்த ஐந்து பேர் கொல்லப்பட்ட அதே நாள். நற்செய்தி மறைவல்லுநர் என்பது பட்டம். அதற்குள் செவ்வாய்ப் பக்தி சில நூற்றாண்டுகளைக் கடந்திருந்தது. 1890களில் பிரான்சின் தூலோன் நகரில் கடைக்காரப் பெண் ஒருவர், பூட்டு திறந்தால் ஏழைகளுக்கு ரொட்டி தருகிறேன் என்று நேர்ந்ததில் தொடங்கிய அந்தோணியார் அப்பம் உலகெங்கும் உண்டியலாகி நின்றிருந்தது. பட்டம் வந்தபின் மறையுரைகளைப் பற்றிய ஆய்வு நூல்களும் கருத்தரங்குகளும் பெருகின. கல்லறைக்கு வருபவர்களின் வேண்டுகோளில் அது ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

மாற்ற வேண்டுமா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. மறையுரைகளைப் படிக்காமலே, கடனையும் நோயையும் கடலையும் பற்றி எதைக் கேட்க வேண்டுமோ அதைத்தான் அவர்கள் கேட்கிறார்கள். பாக் நீரிணையின் கச்சத்தீவில் குடிதண்ணீர் இல்லை, நிலையாகக் குடியிருப்பவர் யாரும் இல்லை. இருப்பது அந்தோணியார் கோயில் மட்டுமே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராமநாதபுரத்துச் சீனிக்குப்பன் படையாட்சி கட்டியதாகச் சொல்லப்படுகிறது. 1974இல் இந்தியாவும் இலங்கையும் செய்த உடன்பாட்டால் தீவு இலங்கைக்குப் போனது. இந்திய மீனவரும் யாத்திரிகரும் கடவுச்சீட்டோ விசாவோ இல்லாமல் வழக்கம்போல் வந்துபோகலாம் என்று ஐந்தாம் பிரிவில் எழுதினார்கள். அந்தோணியாரின் பெயர் அந்தப் பிரிவில் இல்லை. போர்க்காலத்தில் நின்றுபோன திருவிழா மீண்டும் நடக்கிறது. 2016இல் இலங்கைக் கடற்படையே புதிய கோயில் கட்டிக் கொடுத்தது. ஆண்டுதோறும் தவக்காலத்தை ஒட்டி இராமேசுவரத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் படகுகள் போகின்றன. எல்லை தாண்டியதாகக் கைதான மீனவர்களின் விடுதலையும், பிடிபட்ட படகுகளும், அவற்றின்மேல் வாங்கிய கடனும் அங்கே மன்றாட்டாகின்றன. கைதானவர்கள் விடுதலையாகாத ஆண்டில் ஒரு கரையின் படகுகள் வராமலே திருவிழா நடந்ததும் உண்டு.